குழாய்க்குள் ஒரு ஜோடிக் கைதான் போகும்: நுண்துளை முதுகுத்தண்டு அறுவையை எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள்?

முதுகில் இரண்டு சென்டிமீட்டர் கீறல், மறுநாள் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னால், கேட்பவர் மனதில் "அப்போ சின்ன ஆபரேஷன்தான்" என்று ஓடும். தோலின் மேலிருந்து பார்த்தால் சரிதான். உள்ளே நடக்கும் வேலையில் குன்றிமணி அளவும் குறைவதில்லை. எலும்பைக் கொஞ்சம் செதுக்க வேண்டும், நரம்பு வேரை மெல்ல ஒதுக்க வேண்டும், பிதுங்கி வந்து அதை அழுத்திக்கொண்டிருக்கும் ஜவ்வுத் துண்டை எடுக்க வேண்டும். பெரிய கீறல் போட்டாலும் இதே வேலைதான். இடம் மட்டும் சுருங்கிவிட்டது.

இடம் சுருங்கினால் ஆபரேஷன் செய்பவருக்குக் கஷ்டம் என்பது யாருக்கும் புரியும். அதைக் கற்றுக்கொடுப்பவருக்கு வரும் கஷ்டத்தைப் பற்றித்தான் அதிகம் பேச்சில்லை. இந்த அறுவைக்குப் புதியவர்களைப் பழக்குவது ஏன் தனி வித்தையாக மாறியது என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல டிஸ்க், பேச்சுவழக்கில் ஜவ்வு. அதற்குப் பின்னால் எலும்பு வளைவுகளால் ஆன ஒரு கால்வாய். அந்தக் கால்வாய்க்குள், டியூரா என்ற மெல்லிய உறைக்குள், தெளிந்த திரவத்தில் மிதந்தபடி நரம்புகள் இறங்குகின்றன. கால்வாயின் கூரைத் தகட்டுக்கு லாமினா என்று பெயர். மேல் லாமினாவையும் கீழ் லாமினாவையும் மஞ்சள் நிறத் தசைநார் ஒன்று இணைக்கிறது. ஆக, முதுகிலிருந்து உள்ளே போனால் தோல், கொழுப்பு, தசை, லாமினா, மஞ்சள் தசைநார், டியூரா, நரம்பு, கடைசியில் டிஸ்க். எடுக்க வேண்டிய பொருள் கடைசி அறையில் இருக்கிறது. உடையக்கூடாத பொருள் அதற்கு முந்தைய அறையில்.

பிதுங்கிய டிஸ்க் நரம்பை அழுத்துவதால் காலுக்கு வலி இறங்கலாம் என்பதை 1934இல் அமெரிக்க மருத்துவர்கள் வில்லியம் மிக்ஸ்டரும் ஜோசப் பாரும் எழுதினார்கள். அன்றைய வழி, நீளமாகத் திறந்து, முதுகுத் தசையை எலும்பிலிருந்து உரித்து ஒதுக்கி, லாமினாவை எடுப்பது. 1977இல் காஸி யாசர்கில், வோல்ஃப்காங் காஸ்பார் இருவரும் இந்த வேலைக்கு மைக்ரோஸ்கோப்பைக் கொண்டுவந்தார்கள், கீறல் சுருங்கியது. 1997இல் கெவின் ஃபோலி, மாரிஸ் ஸ்மித் இருவரும் தசையை உரிக்காமல், அதன் நார்களை விலக்கி ஒரு குழாயைச் செருகி, அதன் வழியாகவே டிஸ்க்கை எடுக்கும் முறையை வெளியிட்டார்கள். இன்னொரு பக்கம், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துளையில் எண்டோஸ்கோப்பை விட்டு, நீரைப் பாய்ச்சிக்கொண்டே திரையைப் பார்த்துச் செய்யும் முறையும் வளர்ந்தது. இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் குழாய் முறையைத்தான் பேசப்போகிறேன். கற்பவர்கள் பலரும் முதலில் கைவைப்பது அதில்தான்.

டிஸ்க் அறுவைக்குப் பயன்படும் குழாயின் விட்டம் பெரும்பாலும் 18 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். கணக்குப் போட்டால் இரண்டரை சதுர சென்டிமீட்டர், அதாவது ஒரு கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். அந்த வட்டத்துக்குள்தான் வெளிச்சம், பார்வை, உறிஞ்சு குழல், டிரில், கொக்கி எல்லாம் போய்வர வேண்டும். கருவிகள்கூட நேராக இருக்காது. கைப்பிடி ஓரிடத்தில் மடங்கி ஒதுங்கியிருக்கும். நேராக இருந்தால் பிடிக்கும் கையே பார்வையை மறைத்துவிடும்.

பறிபோவது என்ன?

திறந்து செய்யும் அறுவையில் நடுமுள் தெரியும், இரண்டு பக்க லாமினாவும் தெரியும், மேலே கீழே உள்ள எலும்புகளும் தெரியும். ஊரின் நடுவே நின்று நான்கு தெருவையும் பார்ப்பது போல. குழாய்க்குள் பார்த்தால் ஒரே ஒரு வீட்டின் ஒரே ஒரு ஜன்னல். அது எந்தத் தெரு என்று பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும்.

அதனால் குழாயைச் சரியான இடத்தில் உட்காரவைப்பதுதான் முதல் பாடம். நோயாளி குப்புறப் படுத்திருப்பார். வயிறு எதன் மீதும் அழுந்தாமல் தொங்கும்படி தலையணைகள் வைத்திருப்பார்கள். வயிறு அழுந்தினால் பெரிய சிரையில் அழுத்தம் கூடி, முதுகுத்தண்டுக் கால்வாயைச் சுற்றியுள்ள வால்வு இல்லாத சிரைகள் புடைத்துக்கொள்ளும். பிறகு குழாய்க்குள் தெரிவது ரத்தம் மட்டும்தான். தலையணையைச் சரியாக வைப்பது யாரோ உதவியாளரின் வேலை என்று நினைக்கும் மாணவர் ஒரே நாளில் மனம் மாறிவிடுவார்.

அப்புறம் சி-ஆர்ம் என்ற நகரும் எக்ஸ்ரே. எந்த டிஸ்க் என்பதை எண்ணிக் கண்டுபிடிக்க வேண்டும். கீழே இருக்கும் இடுப்புக் குவி எலும்பிலிருந்து (சேக்ரம்) மேல்நோக்கி எண்ணுவது வழக்கம். கேட்கச் சுலபம். ஆனால் சிலருக்குப் பிறவியிலேயே கடைசி முள்ளெலும்பு குவி எலும்போடு ஒட்டியிருக்கும். சிலருக்குக் குவி எலும்பின் முதல் துண்டு பிரிந்து தனி முள்ளெலும்பு போல நிற்கும். அப்போது எண்ணிக்கை ஒன்று தவறும். எம்ஆர்ஐ படத்தில் எண்ணிய அதே முறையில் எக்ஸ்ரேயிலும் எண்ணினோமா என்று மாணவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தவறான மட்டத்தில் மிக அழகாக ஓர் ஆபரேஷன் செய்து முடிப்பது, இந்தத் துறையில் எல்லோரும் பயப்படும் பிழை.

கீறல் போட்டபின் பென்சில் தடிமனில் ஒரு மழுங்கிய குச்சியைத் தசை வழியாக இறக்கி லாமினாவின் ஓரத்தில் முட்டவைப்பார்கள். அதன் பெயர் டைலேட்டர். அதன் மேல் கொஞ்சம் தடித்த இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று என்று மாட்டிக்கொண்டே போனால் தசை நார்கள் வெட்டுப்படாமல் விலகும். கடைசியில் குழாயை மாட்டி, கட்டிலோடு இணைந்த ஓர் உலோகக் கையில் இறுக்கிவிட்டு, உள்ளே இருக்கும் குச்சிகளை உருவிவிடுவார்கள். ஆரம்பக் காலத்தில் முதல் குச்சிக்கும் முன்னால் மெல்லிய கம்பி ஒன்றை இறக்குவது வழக்கமாக இருந்தது. கம்பி கூர்மையானது, இரண்டு லாமினாக்களுக்கு நடுவே நழுவினால் மஞ்சள் தசைநாரைத் துளைத்துக் கால்வாய்க்குள்ளேயே போய்விடும். அதனால் டிஸ்க் அறுவை கற்பவர்களிடம் பல ஆசிரியர்கள், கம்பியே வேண்டாம், மழுங்கிய குச்சியிலிருந்து தொடங்கு என்கிறார்கள்.

குச்சி எலும்பில் முட்டியதும் மாணவர் அதை உடனே விட்டுவிடக்கூடாது. மேலும் கீழும் பக்கவாட்டிலுமாக மெதுவாகத் தடவ வேண்டும். லாமினாவின் கீழ் ஓரம் படி போல விரலுக்குத் தெரியும். பக்கவாட்டில் போனால் மூட்டின் மேடு. கண்ணுக்குத் தெரியாத நிலப்படத்தை விரல்நுனியால் வரைந்துகொள்ளும் நேரம் இது. அனுபவசாலிகள் இதில் செலவிடும் சில நொடிகளைப் புதியவர்கள் வீண் என்று நினைப்பார்கள். குழாய் ஐந்து மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்துவிட்டால் பிறகு அரை மணி நேரம் தொலைந்து நிற்க வேண்டிவரும்.

ஆசிரியரின் கை எங்கே?

அறுவை சிகிச்சை என்பது நூறாண்டுகளுக்கும் மேலாகக் கூடநின்று கற்கும் தொழில். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் ஒழுங்குபடுத்திய முறையின் சாரம், பார், கூடச் செய், தனியாகச் செய் என்று பொறுப்பைப் படிப்படியாகக் கைமாற்றுவது. இதில் சொல்லாமலே நடக்கும் ஒன்று உண்டு. திறந்த காயத்துக்குள் நான்கு கைகள் இருக்கும். மாணவர் கத்தரியை ஒரு மில்லிமீட்டர் தவறாக நகர்த்தினால் ஆசிரியரின் விரல் அதைத் தள்ளிவிடும். திசுவை இழுத்துப் பிடித்து, "இங்கே" என்று காட்டும். ரத்தம் வந்தால் மாணவர் திகைப்பதற்குள் அழுத்திவிடும்.

18 மில்லிமீட்டர் குழாய்க்குள் நான்கு கைகள் போகாது. ஒரு ஜோடிதான். மாணவரின் கை உள்ளே இருந்தால் ஆசிரியரின் கை வெளியே. தலையிட வேண்டுமென்றால் மாணவர் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, நகர்ந்து, இடம் கொடுக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பிவிடும் வசதி இல்லாத ஓட்டுநர் பயிற்சி இது.

ஈடாகக் கிடைத்த நல்ல விஷயமும் ஒன்று உண்டு. மைக்ரோஸ்கோப்பிலோ எண்டோஸ்கோப்பிலோ மாணவர் பார்ப்பதை ஆசிரியரும் திரையில் அப்படியே பார்க்க முடிகிறது. பழைய முறையில் ஆழமான காயத்துக்குள் எட்டிப் பார்க்கும் நாலாவது ஆளுக்கு முன்னால் நிற்பவரின் தோள்தான் தெரியும். இப்போது அறையே பார்க்கிறது, பதிவும் ஆகிறது. ஆகவே கையால் திருத்தியதையெல்லாம் இனி வாயால் திருத்த வேண்டும். அங்கேதான் நல்ல அறுவை மருத்துவர், நல்ல ஆசிரியர் என்ற வித்தியாசம் வெளிச்சத்துக்கு வருகிறது. "கொஞ்சம் அந்தப் பக்கம்" என்று சொல்பவர் உதவாதவர். எந்தப் பக்கம்? தலைப்பக்கமா, கால்பக்கமா, நடுக்கோட்டை நோக்கியா, வெளியேயா? பழகிய குழுக்களில் ஆபரேஷன் தொடங்கும் முன்பே திசைச் சொற்களை முடிவு செய்துகொள்கிறார்கள். திரையின் மேல்பக்கம் தலையா காலா என்பதை மாணவர் முதலில் சொல்ல வேண்டும். "நிறுத்து" என்றால் கருவியை வெளியே இழுக்கக்கூடாது, அப்படியே அசையாமல் நிற்க வேண்டும் என்பதும் அந்த ஒப்பந்தத்தில் அடங்கும். "நிறுத்து. டிரில்லை அணை. இப்போது கொக்கியால் எலும்பின் ஓரத்தைத் தொட்டுக் காட்டு." மாணவரால் காட்ட முடியவில்லை என்றால், அவர் இவ்வளவு நேரம் எங்கே செதுக்கினார் என்ற கேள்வி அறையில் இருக்கும் எல்லோருக்கும் எழும்.

கை உள்ளே போக முடியாததால் இன்னொரு விளைவும் உண்டு: தியேட்டருக்கு வருமுன்பே கை பழகியிருக்க வேண்டும்.

முட்டையும் சடலமும்

இதற்கான பயிற்சிப் பொருட்களில் எனக்கு மிகவும் பிடித்தது பச்சை முட்டை. ஓட்டின் மேல் ஒரு வட்டம் வரைந்துவிட்டு, மைக்ரோஸ்கோப்பின் கீழ், டிரில்லால் அந்த வட்டத்துக்குள் இருக்கும் ஓட்டை மட்டும் செதுக்கி எடுக்க வேண்டும். ஓட்டுக்கு அடியில் இருக்கும் வெண்சவ்வு கிழியக்கூடாது. ஓடு லாமினா, சவ்வு டியூரா. கிழிந்தால் வெள்ளைக்கரு கசியும். முதுகுத்தண்டுத் திரவம் கசிவதைப் போலவே. ஏமாற்றவே முடியாத தேர்வு இது.

முதல் முட்டையில் பெரும்பாலும் எல்லோரும் செய்வது, டிரில்லைக் கீழ்நோக்கி அழுத்துவது. நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் முனைக்கு அழுத்தம் தேவையில்லை. தூரிகையால் வருடுவது போலப் பக்கவாட்டில் நகர்த்தினால் போதும், ஓடு மாவாக உதிரும். மணிக்கட்டு எதன் மேலாவது ஊன்றியிருக்க வேண்டும். சூடேறாமல் இருக்க நீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடு மெலியும்போது சவ்வின் சாம்பல் நிறம் நிழலாடத் தொடங்கும். அப்போது கையின் வேகம் பாதியாகக் குறைய வேண்டும். பத்துப் பதினைந்து முட்டைகளை உடைத்தபின் கைக்கு இது புரிகிறது. பிறகு அதே முட்டையை ஒரு குழாயின் அடியில் வைத்துவிடுவார்கள், எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

இதற்கு அடுத்து பிளாஸ்டிக்கிலும் முப்பரிமாண அச்சிலும் செய்த முள்ளெலும்பு மாதிரிகள், விலங்குகளின் முதுகெலும்பு, சிமுலேட்டர்கள். சிமுலேட்டரில் விளையாடியது நிஜத்தில் உதவுமா என்ற சந்தேகம் நியாயமானது. 2002இல் யேல் பல்கலைக்கழகத்தில் பயிற்சி மருத்துவர்களை இரு குழுவாகப் பிரித்துப் பார்த்தபோது, முன்பே கணினிச் சிமுலேட்டரில் பழகியவர்கள் பித்தப்பை அறுவையின் ஒரு கட்டத்தை 29 சதவீதம் வேகமாக முடித்தார்கள், பிழைகளும் குறைவாகவே செய்தார்கள். அது வயிற்றுக்குள் செய்யும் அறுவை, முதுகுத்தண்டு அல்ல. ஆனாலும் திரையைப் பார்த்துக் கையை நகர்த்தும் பழக்கத்தை நோயாளிக்கு வெளியே வளர்த்துக்கொள்ள முடியும் என்பதற்கு அது சாட்சி.

தானமாகக் கிடைத்த உடல்களில் செய்யும் பயிற்சிக்கு ஈடு இன்னும் எதுவும் இல்லை. தசையின் தடிமன், எலும்பின் கடினம், நரம்பு வேரின் வழவழப்பு எல்லாம் அங்கே நிஜம். குறை ஒன்றுதான், அது பெரிய குறை: ரத்தம் ஓடாது. சடலத்தில் அருமையாகச் செய்த மாணவர், உயிருள்ள முதுகில் முதல் சிரை கசிந்து குழாய் முழுக்கச் சிவந்ததும் கைநடுங்கி நிற்பார். அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதை மட்டும் தியேட்டரில்தான் கற்க முடிகிறது. சின்னப் பஞ்சுத் துண்டை வைத்து, பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். பொறுமை பாடத்திட்டத்தில் இல்லை.

துண்டு துண்டாகக் கொடுப்பது

முழு ஆபரேஷனையும் ஒரே நாளில் ஒருவர் கையில் கொடுப்பதில்லை. முதலில் தையல், பிறகு எக்ஸ்ரே பார்த்துக் குழாயை உட்காரவைப்பது, பிறகு எலும்பைச் செதுக்குவது, பிறகு மஞ்சள் தசைநாரை எடுப்பது, கடைசியில்தான் நரம்பு வேரை ஒதுக்கி டிஸ்க் துண்டை எடுப்பது. தசைநாரைக் கடைசி வரை விட்டுவைத்து எலும்பு வேலை முழுவதையும் முடிக்கச் சொல்வார்கள், அது டியூராவுக்குக் கவசமாக இருக்கும் என்பதால்.

நோயாளியைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு வரிசை உண்டு. மெலிந்த உடல், ஒரு பக்கம் மட்டும் பிதுங்கிய டிஸ்க், முன்பு ஆபரேஷன் ஆகாத முதுகு. இவை தொடக்கத்துக்கு. எல்5 என்ற கடைசி இடுப்பு முள்ளெலும்புக்கும் குவி எலும்புக்கும் நடுவே லாமினாக்களுக்கு இடையிலான ஜன்னல் இயற்கையிலேயே அகலம் என்பதால் எலும்பைக் குறைவாகச் செதுக்கினால் போதும். அதன் பிறகு கால்வாய் குறுகியவர்களுக்கு, ஒரு பக்கக் குழாயைச் சாய்த்து மறுபக்கத்தையும் விடுவிக்கும் வேலை. அதற்கும் பிறகு திருகு வைத்து எலும்புகளை இணைப்பது. ஏற்கெனவே ஆபரேஷன் ஆகி வடுத் திசு ஒட்டிக்கிடக்கும் முதுகு எப்போதும் கடைசி.

எத்தனை செய்தால் கை படியும்? கற்றல் வளைவு என்ற கருத்தே விமானத் தொழிற்சாலையிலிருந்து வந்தது. ஒரே விமானத்தைத் திரும்பத் திரும்பக் கட்டும்போது உழைப்பு நேரம் எப்படிக் குறைகிறது என்று 1936இல் தியோடர் ரைட் கணக்கிட்டுக் காட்டினார். நுண்துளை முதுகுத்தண்டு அறுவை பற்றிய ஆய்வுகளில் 20 முதல் 30 வரை என்ற எண்ணிக்கை அடிக்கடி தென்படும். அதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பெரும்பாலும் அளப்பது நேரத்தை. நேரம் குறைந்தது என்றால் வேகம் கூடியது என்று மட்டும்தான் பொருள். அந்த முப்பது பேரை ஒரே வருடத்தில் செய்தாரா, ஐந்து வருடத்திலா என்பதைப் பொறுத்தும் கதை மாறும்.

வளைவின் தொடக்கத்தில் அதிகம் நேரும் விபத்து டியூரா கிழிவது. அதற்கென்றே ஒரு பாடம் இருக்கிறது. தெளிந்த திரவம் பொங்கி வந்ததும் புதியவரின் கை தானாக உறிஞ்சு குழலை அங்கே கொண்டுபோகும். அதுதான் செய்யக்கூடாதது. கிழிசல் வழியாக நரம்பு இழைகளையே குழல் இழுத்துவிடக்கூடும். முதலில் கிழிசலின் மேல் பஞ்சுத் துண்டு. உறிஞ்சுவது அந்தப் பஞ்சின் மேல்தான். பிறகு யோசிக்கலாம். குறுகிய குழாய்க்குள் தையல் போடுவது சிரமம். சின்னக் கிழிசலென்றால் திசுப் பசையும் கொழுப்புத் துண்டும் பெரும்பாலும் போதும். குழாயை எடுத்ததும் தசை மூடிக்கொள்வதால் திரவம் தேங்க இடம் குறைவு என்பது நல்வாய்ப்பு.

இன்னொன்றையும் மாணவர் தெரிந்துகொள்ள வேண்டும். சின்னக் கீறல் என்பதாலேயே பலன் கூடிவிடாது. 2009இல் நெதர்லாந்தில் 328 பேரிடம் நடந்த சோதனையில், குழாய் வழியாக டிஸ்க் எடுக்கப்பட்டவர்கள், சிறு கீறலில் வழக்கமான முறையில் எடுக்கப்பட்டவர்களைவிடச் சிறப்பாகத் தேறவில்லை. கால்வலி, முதுகுவலி பற்றி அவர்களே சொன்ன மதிப்பில் கொஞ்சம் பின்தங்கியும் இருந்தார்கள். குழாயைக் காதலிக்கும் வயதில் இருக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கு இதைப் படிக்கக் கொடுப்பது நல்லது. நோயாளிகளும் "எத்தனை சென்டிமீட்டர் கீறல்?" என்பதோடு, "இதை எத்தனை முறை செய்திருக்கிறீர்கள், கூட யார் நிற்பார்?" என்றும் கேட்கலாம். கேட்டால் கோபப்படாத டாக்டர்கள் நிறையவே இருக்கிறார்கள்.

கடைசிப் பாடம் குழாயைக் கழற்றுவது. ரத்தம் நிற்கவில்லை, அடையாளம் பிடிபடவில்லை, நேரம் ஓடுகிறது. கீறலைப் பெரிதாக்கித் திறந்துவிடுவதுதான் சரி. ஆனால் நோயாளியிடம் சின்னக் கீறல் என்று வாக்குக் கொடுத்தாயிற்று, அறையில் எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் இளைய மருத்துவருக்குத் தோல்வி போலத் தோன்றும் முடிவு அது. முட்டையும் சிமுலேட்டரும் இதைச் சொல்லித்தராது. தன்னைவிடப் பல மடங்கு அனுபவமுள்ள ஆசிரியர் ஒருநாள் குழாயை எடுத்து ட்ரேயில் வைத்துவிட்டு, குரல் மாறாமல், "சரி, திறந்துவிடலாம்" என்று சொல்வதை மாணவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும்.